கரிக்கோச்சியைப் பார்க்க மாமாவோடு போன நாள்

என் மகனுக்கு எட்டு வயது. ஒரு வருடமாக அவன் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: புகை விட்டுக்கொண்டு ஓடும் கோச்சியில் ஏறவேண்டும். நானும் விசாரித்துப் பார்த்தேன். ஓடக்கூடிய நிலையில் இன்று இலங்கையில் இருக்கும் நீராவி எஞ்சின்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1986 இல் தொடங்கிய வைஸ்ராய் ஸ்பெஷல் என்ற உல்லாச ரயிலுக்குத்தான் அவற்றைப் பூட்டுகிறார்கள். நேர அட்டவணையில் அந்த ரயிலைத் தேடிப் பயனில்லை. பெரும்பாலும் சுற்றுலாக் குழுக்கள் ரயிலை வாடகைக்கு எடுத்தால்தான் ஓடும். வெள்ளவத்தையில் இருந்து ஒரு குடும்பம் கவுண்டருக்குப் போய் ரிக்கெற் எடுத்து ஏறக்கூடிய விஷயம் இல்லை.

அப்படி விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் கடுகண்ணாவை ரயில்வே அருங்காட்சியகம் ஞாபகத்துக்கு வந்தது. இலங்கையின் முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 1864 டிசம்பர் 27 அன்று ஓடியது. அதன் 150 ஆவது ஆண்டு நிறைவுக்கு, 2014 டிசம்பரில், கடுகண்ணாவை ஸ்டேசனுக்குப் பக்கத்திலேயே இதைத் திறந்தார்கள். அங்கே எஞ்சின்கள் ஓடாது, நிற்கும். அதைச் சொன்னதும் மகனுடைய முகம் வாடிவிட்டது.

"நிக்கிற எஞ்சினைப் பார்த்து என்ன செய்யிறது அம்மா?"

பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நிண்டால்தான் தம்பி உள்ளுக்கு ஏறிப் பார்க்கலாம்."

மாமா என் கணவருடைய அப்பா. எண்பத்திரண்டு வயது. 1962 இல் தெமட்டகொடை எஞ்சின் ஷெட்டில் பயர்மனாக, அதாவது எஞ்சின் நெருப்புக்குக் கரி போடுபவராகச் சேர்ந்து, பிறகு றைவராகி, ஓய்வுபெறும் வரை ரயில்வேயிலேயே இருந்தவர். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் ரயில்வே உத்தியோகம் என்றால் ஸ்டேசன் மாஸ்டர், கிளாக்கர், கார்ட் என்றுதான் நினைப்பார்கள். படிச்ச பிள்ளை ஏன் நெருப்புக்கு முன்னால் போய் நிற்கிறாய் என்று அவருடைய வீட்டில் பெரிய மனவருத்தமாம். அதனாலோ என்னவோ, வேலையைப் பற்றி அவர் வீட்டில் கதைத்ததே இல்லை. மாமி சொல்லுவா: "எங்க போயிட்டு வந்தவர் எண்டு சேட்டைத் தோய்க்கேக்கதான் எனக்குத் தெரியும். கழுத்துப் பட்டியெல்லாம் கறுப்பெண்டால் சுரங்கத்துக்குள்ளால போய் வந்திருக்கிறார்."

அவராகவே வாய் திறந்த அந்த நிமிடத்தை நான் விட விரும்பவில்லை. அன்றிரவே நாள் குறித்தோம். ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை.

அதுதான் முதல் பிழை. கண்டியில் பெரஹெரா நடக்கும் நாட்கள் அவை என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. கடுகண்ணாவை கண்டிக்கு மிகக் கிட்ட, கண்டிக்குப் போகும் கூட்டம் முழுவதும் அந்தப் பாதையால்தான் போய்வரும். நீங்கள் நாள் குறிக்கும்போது பிள்ளைகளின் விடுமுறையை மட்டும் பார்க்காதீர்கள். கண்டியில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். அந்தத் தவறின் விலையைப் பின்னேரம் கொடுத்தோம், அதைப் பிறகு சொல்கிறேன்.

ரிக்கெற் பற்றி ஒரு வார்த்தை. ஆசனங்களுக்கான முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறந்துவிடுகிறது. விடுமுறை நாட்களென்றால் நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முடிந்தும் விடுகிறது. கண்டிப் பக்கம் போகும் எல்லா ரயிலும் கடுகண்ணாவையில் நிற்காது என்பது அதைவிட முக்கியம். கவுண்டரில் "கடுகண்ணாவையில நிக்குமா" என்று அந்த ரயிலைக் குறிப்பிட்டே கேளுங்கள். நிற்காதென்றால் பேராதனையில் இறங்கிக் கொழும்புப் பக்கம் போகும் பஸ்ஸில் திரும்பி வரலாம். நாங்கள் நிற்கும் ரயிலாகவே பார்த்து, முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பு எடுத்து, ஒரு மணித்தியாலம் முன்னதாகவே கோட்டை நிலையத்தில் போய் நின்றோம். ரயில் மேடைக்கு வந்ததும் இவரும் மகளும் முதலில் ஏறி வலப்பக்க ஆசனங்களைப் பிடித்தார்கள். கொழும்பிலிருந்து போகும்போது பள்ளத்தாக்கு வலப்பக்கம்தான் விரியும். இடப்பக்கம் இருந்தால் பாதி நேரம் பாறைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள்.

மருதானையைத் தாண்டியதும் மாமா எழுந்து நின்றுவிட்டார். ஓடுகிற ரயிலில், முழங்கால் வருத்தத்தோடு. தெமட்டகொடை ஷெட் வருகிறது. கறுத்த தண்டவாளங்கள், ஒதுங்கி நிற்கும் பெட்டிகள், ஒன்றிரண்டு டீசல் எஞ்சின்கள், ஓர் அரை நிமிடம்தான். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்குக் கதை வந்தது. களனிவெளிப் பாதை மருதானையில் பிரிந்துபோனதை நினைவுபடுத்தி, அது முந்தி குறுகிய பாதை என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். எங்கள் ரயில் ஓடும் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீற்றர். அதில் 762 தான். 1902 இல் அவிசாவளை வரை போட்ட அந்தச் சின்னப் பாதையை 1990களில்தான் அகலமாக்கினார்கள். "பாதையை அகலமாக்கினவை, வளைவுகளை நிமிர்த்தேல்ல. அதுதான் நுகேகொடைப் பக்கம் கோச்சி இண்டைக்கும் ஊர்ந்துதான் போகுது." முப்பது வருடமாகக் கொழும்பில் இருக்கிறேன்; நுகேகொடையில் எத்தனையோ தரம் அந்த ரயிலுக்காகக் கேற்றடியில் காத்து நின்றிருக்கிறேன். காரணம் அன்றுதான் தெரிந்தது.

கம்பஹா, வேயங்கொடை, பொல்காவலை எல்லாம் சமதரை. பிள்ளைகள் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டு முடித்தார்கள். பொல்காவலையில் வடக்குப் பாதை பிரிகிறது. மாமா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு ஓட்டம் நின்று, 2014 ஒக்டோபரில்தான் ரயில் திரும்பவும் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போனது. அதற்கு முன்பே அவர் ஓய்வுபெற்றுவிட்டார். ஊருக்குக் கோச்சி ஓட்டிப் போகும் பாக்கியம் தனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை என்று மாமியிடம் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது.

ரம்புக்கணையில் மாமா என் மகளிடம் தண்ணீர்ப் போத்தலைக் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தோம். மூடியை இறுக்கி, போத்தலை யன்னல் விளிம்பில் ரயில் போகும் திசைக்கு நேராகப் படுக்க வைத்துக் கையால் பிடித்துக்கொண்டார். கிட்டத்தட்ட நிரம்பிய போத்தல்; உள்ளே ஒரு புளியங்கொட்டை அளவுக் காற்றுக்குமிழி நடுவில் நின்றது.

"இதைப் பார்த்துக்கொண்டிரு தம்பி. கண்ணை எடுக்காத."

ரயில் புறப்பட்டது. ரம்புக்கணையோடு இரட்டைத் தண்டவாளம் முடிந்து ஒற்றைப் பாதை தொடங்குகிறது, அதோடு ஏற்றமும். அங்கிருந்து கடுகண்ணாவை வரை ஏறக்குறைய 20 கிலோமீற்றருக்குள் 400 மீற்றருக்கு மேல் ஏறவேண்டும். 44 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே. தெருவில் நடப்பவருக்கு அது ஏற்றமாகவே தெரியாது. வழுவழுப்பான இரும்பில் இரும்புச் சில்லு உருளும் ரயிலுக்கு அது மலை. குமிழி அசைந்தது. முதலில் ரயில் இழுத்த இழுப்பில் ஆடி, பிறகு மெல்ல முன்பக்கம் ஊர்ந்து போத்தலின் கழுத்தடியில் போய் ஒட்டிக்கொண்டது. மகன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்து முன்னுக்குப் போச்சுது. அப்ப தண்ணி?"

"பின்னுக்கு."

"அதுதான் என்ர வேலை" என்றார் மாமா.

அடுத்த அரை மணித்தியாலம் நான் கேட்டதை இயன்ற மட்டும் அப்படியே எழுதுகிறேன். நீராவி எஞ்சினின் கொதிகலன் என்பது படுக்க வைத்த ஒரு பெரிய போத்தல். அதன் பின்பக்கம், றைவரும் பயர்மனும் நிற்கும் இடத்துக்கு முன்னால், நெருப்புப் பெட்டி. அந்தப் பெட்டியைச் சுற்றியும் அதன் கூரைத் தகட்டுக்கு மேலும் எந்நேரமும் தண்ணீர் மூடி நிற்கவேண்டும். தண்ணீர் இருக்கும் வரை தகடு தாங்கும். தண்ணீர் விலகினால் தகடு பழுத்து இளகும். உள்ளே இருக்கும் அழுத்தத்தில் கொதிகலன் வெடிக்கும். அதைத் தடுக்கக் கூரைத் தகட்டில் ஈயம் அடைத்த ஒரு புரி இருக்கும். தண்ணீர் குறைந்தால் ஈயம் முதலில் உருகி, நீராவி நெருப்புக்குள் சீறும். உயிர் தப்பும், எஞ்சின் நடுவழியில் நிற்கும். "ஈயம் உருகிச்சுதெண்டால் பயர்மன் ஷெட்டுக்குள்ள முகத்தைத் தூக்கி நடக்கேலாது."

தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய்தான் துணை. ஏற்றத்தில் போகும்போது தண்ணீர் பின்னுக்குச் சாய்வதால் கண்ணாடி நிறையத் தண்ணீர் தெரியும். அதை நம்பினால் போச்சு. கடுகண்ணாவை உச்சியைத் தாண்டி ரயில் பேராதனைப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் அதே தண்ணீர் முன்னுக்கு ஓடிவிடும். நெருப்புப் பெட்டியின் கூரை வெறுமையாகும். ஆகவே உச்சிக்கு வருமுன்னரே தண்ணீர் ஏற்றிவிட வேண்டும். ஆனால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் ஆவியின் அழுத்தம் இறங்கும். ஏறும்போதுதான் ஆவி முழுமையாக வேண்டும். கூடத் தண்ணீர் விட்டால் பாதி மலையில் ரயில் நின்றுவிடும். குறைய விட்டால் உச்சியில் ஆபத்து.

"அப்ப எப்ப விடுவீங்கள், அப்பப்பா?" என்று மகள் கேட்டாள்.

"இடம் இருக்கு, பிள்ளை. கடிகமுவை தாண்டிக் கொஞ்சம். இகலகோட்டையில கொஞ்சம். பலனை வந்தால் கண்ணாடியைப் பார்க்காமலே கை போகும்."

சொல்லும்போது அவருடைய இடது கை காற்றில் எதையோ பிடித்துத் திருகியது. அது அவருக்கே தெரியவில்லை.

சாமான் ரயிலென்றால் பின்னால் இன்னோர் எஞ்சின் தள்ளிக்கொண்டு வருமாம். முன் எஞ்சினும் பின் எஞ்சினும் விசில் அடித்துத்தான் பேசிக்கொள்வார்கள். மழை பெய்து தண்டவாளம் நனைந்தால் சில்லு ஓரிடத்திலேயே சுழலும். அதற்கு மணல் விடுவார்கள். சுரங்கத்துக்குள் போகும்போது ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு குந்தி இருப்பார்கள். சிங்களக் கிராமங்களில் ரயிலை "கரி தின்று, தண்ணி குடித்து, கொழும்புக்கு ஓடும் இரும்புப் பேய்" என்று சொல்வார்கள். மாமா அதைச் சிங்களத்திலேயே சொல்லிக்காட்டி, "அந்தப் பேய்க்குத் தண்ணி குடுத்தது நான்தான்" என்றார்.

சுரங்கங்கள் வந்தபோது எங்கள் பெட்டியின் வாசல்களில் ஏழெட்டு இளம்பிள்ளைகள் வெளியே தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது. சுரங்கச் சுவர் பெட்டிக்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்பதை யன்னலுக்குள்ளிருந்து பார்த்தாலே தெரியும். அந்த வளைவில் ஒரு தலை வெளியே இருந்தால் போதும். பிள்ளைகளை வாசல் பக்கம் விடவே விடாதீர்கள், கையைப் பிடித்துக்கொண்டும் விடாதீர்கள். பள்ளத்தாக்கு யன்னலுக்குள்ளாலும் அதே அழகோடுதான் தெரிகிறது: கீழே வயல், தூரத்தில் பைபிள் மலை, அதற்கும் கீழே நாங்கள் வந்த பாதை ஒரு நூல் மாதிரி.

கடுகண்ணாவையில் ரயில் நின்றபோது குமிழி நடுவுக்குத் திரும்பியிருந்தது. மகன்தான் கண்டு சொன்னான். இதைவிடச் சுகமாக ஒரு பிள்ளைக்கு மலைப்பாதையை விளங்கப்படுத்த முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு போத்தல் போதும்; முழுதாக நிரப்பாமல் ஒரு வாய் குறைவாக வையுங்கள்.

அருங்காட்சியகத்துக்கு ஸ்டேசனிலிருந்து நடைதான். வாசலில் இவர் சிங்களத்தில், "அப்பா 1962 இல் தெமட்டகொடையில் பயர்மனாக இருந்தவர்" என்று சொன்னார். அந்த ஒரு வசனம் முழு நாளையும் மாற்றியது. அங்கிருந்த இளம் ஊழியர் ஒருவர் எழுந்து நின்று மாமாவுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார். பிறகு உள்ளே போய் இன்னும் இருவரைக் கூட்டிவந்தார். உங்களோடு ரயில்வேயில் இருந்த பெரியவர் யாராவது வந்தால் கூச்சப்படாமல் வாசலிலேயே சொல்லுங்கள்.

உள்ளே பழைய டீசல் எஞ்சின்கள், பெட்டிகள், சிக்னல் பொறிகள், தந்திக் கருவிகள் எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு டெப்லட் இயந்திரம் நன்றாகப் பிடித்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் வராமலிருக்க, ஒரு ஸ்டேசனுக்கும் அடுத்ததற்கும் இடையே டெப்லட் என்ற ஓர் உலோக வட்டுத்தான் அனுமதி. அது கையில் இல்லாமல் எந்த றைவரும் புறப்படக்கூடாது. ஒரு வட்டு வெளியே இருக்கும் வரை இரண்டு பக்க இயந்திரங்களும் அடுத்த வட்டைத் தராது. மலைநாட்டுப் பாதையில் இன்றும் வளையத்தில் கோத்த பையில் அதைக் கைமாற்றுவதைப் பார்க்கலாம். ஓடும் எஞ்சினிலிருந்து கையை நீட்டி அந்த வளையத்தைப் பிடிப்பது பயர்மனின் வேலை. மாமா சேட்டுக் கையை மடித்து முழங்கைக்கு மேலிருந்த ஒரு பழைய தழும்பைக் காட்டினார். மாமி அதைக் குனிந்து பார்த்தா. "மரத்தால விழுந்தது எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்" என்றா.

பிறகு நீராவி எஞ்சின். குறுகிய பாதையில் ஓடிய சின்ன எஞ்சின் அது, மாமா வேலை செய்தது இல்லை. அனுமதி கேட்டு, இவர் பின்னாலிருந்து தாங்க, ஊழியர் மேலிருந்து கைகொடுக்க, அவர் ஏறினார். அந்தப் படி நிலத்திலிருந்து உயரம். முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்தானது. அவசரப்படுத்தாமல், ஒருவர் கீழும் ஒருவர் மேலும் நின்று ஏற்றினால் முடியும். இறங்கும்போது முகத்தை எஞ்சின் பக்கம் வைத்துப் பின்பக்கமாகவே இறங்கவேண்டும்.

மேலே ஏறியதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நெருப்புப் பெட்டியின் கதவைத் தொட்டார். பிறகு வலப்பக்கம் ஒரு தரம், இடப்பக்கம் ஒரு தரம் பார்த்தார், வீட்டுக்குள் நுழைந்தவர் விளக்கு எங்கே என்று தேடுகிற மாதிரி. கைகள் ஒவ்வொன்றாகப் போய் நின்றன. இது ஆவியைத் திறக்கும் பிடி, றைவருடையது. இது தண்ணீர் ஏற்றுவது. இந்த இடத்தில்தான் கண்ணாடி. அந்த உயரத்தில் சுட்டுவிரலைக் கிடையாக வைத்து மகனைப் பார்த்தார். "போத்தல்ல பார்த்தாயெல்லோ, அது இங்க."

"சக் சக்கெண்டு ஏன் சத்தம் வருது?" என்று மகன் கேட்டான். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும், அந்தத் தள்ளுதலில்தான் பிஸ்டன் ஓடுகிறது என்று தொடங்கி, வேலை முடித்த ஆவியைப் புகைபோக்கியால் வெளியே விடும்போது வரும் சத்தம் அது என்றார். இரண்டு சிலிண்டர் எஞ்சினென்றால் சில்லு ஒருமுறை சுற்றுவதற்குள் நாலு தரம் கேட்கும். அந்த ஆவி வெளியே பாயும்போது நெருப்பின் காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் எவ்வளவு கஷ்டப்பட்டு இழுக்கிறதோ அவ்வளவுக்கு நெருப்பும் தானாகவே எரியும். "ஆரும் ஊதத் தேவையில்லை. ஏற ஏற அதுவே ஊதிக்கொள்ளும்." இதைச் சொல்லும்போது அவருடைய குரலில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஊழியர்கள் மூவரும் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரு வசனம் தமிழில், ஒரு வசனம் சிங்களத்தில் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான், அவர் சொல்வதைப் பதிவுசெய்துகொண்டிருந்த என் போன் சார்ஜ் இல்லாமல் நின்றது. வரும் வழியில் பிள்ளைகள் இரண்டு பேரும் அதில் படமும் விளையாட்டுமாக இருந்தார்கள். நானும் பள்ளத்தாக்கைப் படம் பிடித்துத் தள்ளினேன். இவருடைய போன் பையோடு மாமியிடம் ஸ்டேசன் பக்கக் கதிரையில். மாமா தன் முதல் இரவைச் சொல்லத் தொடங்கியிருந்தார்: முதல் தடவை மலையேறியது, கூட இருந்த சிங்கள றைவர் தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துப் பாதி கொடுத்தது, சுரங்கத்துக்குள் பயந்து கண்ணை மூடியது. பதிவில் இருப்பது அந்த றைவரின் பெயர் வரைக்கும்தான். அதற்குப் பிறகு அவர் சொன்னது எங்கள் காதுகளில் மட்டும். அருவியையும் மலையையும் ஆயிரம் பேர் எடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவரின் குரலுக்காக ஒரு போனைத் தொடாமல் வையுங்கள். பவர் பேங்க் ஒன்றும் கொண்டுபோங்கள்.

பின்னேரம் மூன்று மணிக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொழும்புக்குத் திரும்பும் ரயிலைப் பார்த்ததும் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. முதல்நாள் இரவு பெரஹெரா பார்த்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். வாசலில் கால் வைக்க இடமில்லை. எண்பத்திரண்டு வயதானவரை அதற்குள் ஏற்றுவதில்லை என்று இவர் அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். ரிக்கெற் காசு போனால் போகட்டும். தெருவுக்கு வந்து நின்றால் கண்டியிலிருந்து வரும் கொழும்பு பஸ்களும் அதே நெரிசல். பழக்கடை வைத்திருந்த ஓர் அம்மா வழி சொன்னா: தூரம் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கேகாலை வரை கிட்டப் பஸ்ஸில் போங்கோ, அங்கிருந்தே புறப்படும் கொழும்பு பஸ்ஸில் ஆசனம் கிடைக்கும். அப்படியே கிடைத்தது. கண்டிப் பாதையில் பெரியவர்களோடு போகிற எல்லாருக்கும் இதைச் சொல்லுகிறேன்.

பஸ் இறக்கத்தில் வளைந்து வளைந்து போனபோது, ஏறும்போது பார்த்த டோசன் கோபுரத்தைப் பற்றி மகள் கேட்டாள். இந்த மலையில் ரயில் வருவதற்கு நாற்பது வருடம் முன்பு தெரு போட்ட பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவுக்கு 1832 இல் கட்டியது என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா நித்திரையாகிவிட்டார். அவருடைய வலது உள்ளங்கையில் எஞ்சினின் கிறீஸ் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அன்றிரவு சாப்பிடுவதற்கு முன்புதான் கழுவினார்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் போனை முழுதாகச் சார்ஜ் பண்ணி வைத்துக்கொண்டு மாமாவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அந்த முதல் இரவைத் திரும்பச் சொல்லுங்கோ என்று கேட்டேன். அவர் சொல்லப் பார்த்தார். இரண்டு வசனம் வரும், பிறகு நிற்கும். "கையில ஒண்டும் இல்லையே பிள்ளை" என்றார். கதிரையில் இருந்து அவருக்கு அது வரவில்லை. அந்தப் பிடி, அந்தக் கதவு, அந்த உயரம் எல்லாம் வேண்டும்.

அதனால் திரும்பவும் போகிறோம். இந்த முறை வாரநாள், பெரஹெரா இல்லாத மாதம், காலை ரயிலில் போய்ப் பின்னேர மழைக்கு முன் திரும்புவதாக ஏற்பாடு. அருங்காட்சியகத்தின் ஊழியர் தன் நம்பர் தந்திருந்தார். பேசியதில், ஏறுவதற்கு ஒரு மரப்படி எடுத்து வைப்பதாகச் சொன்னார். இரண்டு போன்களும் பவர் பேங்கும் என் பையில். சாப்பாடு மாமியின் பொறுப்பு. நேற்றுக் காலை குசினிக்குள் போனபோது மேசையில் ஒரு போத்தல் படுத்துக் கிடந்தது, மூடி இறுக்கி, ஒரு வாய் குறைவாக நிரப்பி. மகன்தான் வைத்தான் என்று நினைத்துக் கேட்டேன். இல்லை, அப்பப்பா என்றான்.